கீழே ஒரு தொந்தரவு என்றால்: முதல் தடவை டாக்டரிடம் போகும் ஆண்களுக்கு

பாலக்கோட்டுப் பக்கம் இருக்கும் என் அக்கா மகனுக்கு அப்போது 14 வயது. ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து, வயிறு வலிக்கிறது என்று அழுதிருக்கிறான். இரண்டு தடவை வாந்தி. அக்கா ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாள். விடிந்ததும் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். கேஸ் தொந்தரவு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். டிராயரை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை, அவனும் வாய் திறக்கவில்லை. மத்தியானம் நான் போய்த் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோதுதான், "வயிறு இல்ல மாமா, கீழே" என்றான். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பன்னிரண்டு மணி நேரம் ஓடிவிட்டது. ஒரு பக்க விதை முறுக்கிக்கொண்டு, ரத்தம் போகாமல் கருத்துக் கிடந்தது. அதை எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது அவன் நன்றாக இருக்கிறான், மிச்சமிருக்கும் ஒரு விதையே எல்லா வேலையும் செய்கிறது. ஆனால் "கீழே" என்ற அந்த ஒரு சொல் அவன் வாயில் வருவதற்கு ஒன்பது மணி நேரம் ஆனது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் லேபில் வேலை செய்கிறவன். தர்மபுரி, பென்னாகரம், காரிமங்கலம் பக்கத்து ஆண்கள் சீட்டை எட்டாக மடித்து உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு வருவதைத் தினமும் பார்க்கிறேன். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். இது அவர்களுக்காக எழுதுவது. கூடப் போகிற மனைவிக்கும், வீட்டில் வயசுப்பையன் இருக்கிற அம்மாவுக்கும்கூட. நோயைக் கண்டுபிடித்து மருந்து சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். அவர் முன்னால் போய் உட்காரும்வரை என்ன செய்வது, அவர் எழுதிக் கொடுத்ததை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

முதலில், பெயர்களும் இடங்களும்

கிணற்றிலிருந்து கடைசி வயல்வரை தண்ணீர் ஓடும் வழியை ஒருமுறை நடந்து பார்த்தவனுக்கு எங்கே மடை, எங்கே அடைப்பு என்று தெரிந்துவிடும். விந்து வருகிற வழியையும் அப்படி ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.

தொடங்குமிடம் விதை. விரை என்றும் சொல்வார்கள், பாடப்புத்தகத்தில் விந்தகம் என்று இருக்கும், டாக்டர் டெஸ்டிஸ் என்று எழுதுவார். இரண்டு விதைகளும் விதைப்பைக்குள் உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணம் சூடு. உடம்புச் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருந்தால்தான் குழந்தைக்குக் காரணமான உயிரணு, அதாவது விந்தணு, ஒழுங்காக உருவாகும். அதனால்தான் குளிரில் பை சுருங்கி மேலே ஏறுகிறது, வெயிலில் தளர்ந்து கீழே இறங்குகிறது. ஓசூர் மார்கழிக் குளிரில் சுருங்கிவிட்டதே என்று பயந்து கேட்டவர்கள் உண்டு. அது விதைப்பை தன் வேலையைச் செய்வது, அவ்வளவுதான். ஒரு விதை, பெரும்பாலும் இடது பக்கத்தது, கொஞ்சம் தாழ்ந்திருப்பதும் இயல்பு. விதைக்கு இன்னொரு வேலையும் உண்டு. மீசை, குரல், தசை, ஆசை எல்லாவற்றுக்கும் காரணமான டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் சுரப்பதும் அதுதான்.

விதையின் பின்புறம் தடவினால் கயிற்றைச் சுருட்டி வைத்ததுபோல மெத்தென்று ஒன்று தட்டுப்படும். அது எபிடிடிமிஸ். நீட்டினால் ஆறு மீட்டர் வரும் ஒரே குழாய், சில சென்டிமீட்டருக்குள் சுருண்டு கிடக்கிறது. உயிரணு முதிர்ந்து நீந்தும் பலம் பெறுவது இங்கேதான். முதல் தடவை தொட்டுப் பார்க்கிறவர்கள் இதைக் கட்டி என்று நினைத்துத் தூக்கம் கெடுவார்கள், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

அங்கிருந்து விந்துக்குழாய் மேலே ஏறி, இடுப்பு மடிப்பு வழியாக வயிற்றுக்குள் நுழைகிறது. டாக்டர்கள் வாஸ் என்பார்கள். ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டில் வெட்டிக் கட்டுவது இந்தக் குழாயைத்தான். உள்ளே சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இரண்டு விந்துப்பைகள், சிறுநீர்ப்பைக்குக் கீழே பெரிய நெல்லிக்காய் அளவில் புரோஸ்டேட் சுரப்பி. வெளியே வரும் திரவத்தில் பெரும் பங்கு இந்த இரண்டிலிருந்து வருவது. உயிரணுவின் பங்கு நூற்றில் ஐந்துகூடத் தேறாது. அதனால் திரவம் கெட்டியாக இருக்கிறதா, நீர்த்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக் குழந்தை பிறக்குமா பிறக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது.

புரோஸ்டேட்டின் நடுவே சிறுநீர்க்குழாய் போகிறது. விந்தும் சிறுநீரும் அந்த ஒரே வழியில்தான் வெளியேறும், ஆனால் விந்து வரும் நேரத்தில் சிறுநீர்ப்பையின் வாய் தானாக மூடிக்கொள்ளும். கடைசியில் ஆண்குறி. அதில் எலும்பு கிடையாது. பஞ்சு போன்ற திசுவில் ரத்தம் நிரம்பித் தங்குவதுதான் விறைப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் சர்க்கரை நோய் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

வீட்டில் தொட்டுப் பார்ப்பது

மாதம் ஒருமுறை, வெந்நீரில் குளித்தபின் பை தளர்ந்திருக்கும்போது பாருங்கள். ஒவ்வொரு விதையாகக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டுங்கள். தோலுரித்த அவித்த முட்டைபோல வழவழவென்று, ஒரே சீராக இருக்க வேண்டும். அதன் மேலேயே சிறு கல் போல, வலி இல்லாமல் கெட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். வலிக்கவில்லையே என்று விடுவதுதான் இங்கே பெரிய தப்பு. விதையில் வரும் புற்று 15 வயதிலிருந்து 40 வயதுக்குள் இருப்பவர்களையே அதிகம் பிடிக்கிறது. நேரத்தோடு வந்தால் மிக நன்றாகக் குணமாகிற புற்று அது. ஸ்கேனும், ஏ.எஃப்.பி., பீட்டா ஹெச்.சி.ஜி. போன்ற ரத்தப் பரிசோதனைகளும் எழுதுவார்கள். கட்டியில் ஊசி குத்திப் பார்க்கலாம் என்று வெளியாட்கள் யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். விதைப்பை வழியாகக் குத்தினால் புற்று பரவும் வாய்ப்பு உண்டு.

கடிகாரத்தைப் பார்க்க வேண்டியவை

திடீரென்று ஒரு விதையில் கடும் வலி, கூடவே வாந்தி, அந்த விதை மேலே ஏறினாற்போல இருப்பது: இது விதை முறுக்கு. சீட்டில் டார்ஷன் என்று எழுதுவார்கள். விதை தொங்குகிற கொடி முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுபோவது. ஆறு மணி நேரத்துக்குள் திறந்து முறுக்கைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விதை பிழைத்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். 12 முதல் 18 வயதுப் பையன்களுக்கு அதிகம், தூக்கத்திலேயே வரும். அடிபட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வயிற்று வலி என்று மட்டும் சொல்கிற பையன்களும் உண்டு. வயசுப்பையன் வயிற்று வலி என்றால், அப்பாவோ மாமாவோ தனியாக அழைத்து, "கீழேயும் வலிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆமாம் என்றால் ஓமத் தண்ணீர் வேண்டாம், சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டாம், சாப்பாடும் கொடுக்க வேண்டாம், ஆபரேஷனுக்கு வயிறு காலியாக இருப்பது நல்லது. 108-ஐக் கூப்பிட்டு, அறுவை சிகிச்சை செய்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். போய் இறங்கியதும் "விதையில் வலி, இத்தனை மணிக்கு ஆரம்பித்தது" என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அஞ்செட்டியிலோ சித்தேரியிலோ இருப்பவருக்கு மலைப்பாதையிலேயே பாதி நேரம் போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்க அங்கே இடமே இல்லை.

இன்னும் சில சமாசாரங்களும் அதே அவசரம் கொண்டவை. பின்னுக்குத் தள்ளிய முன்தோல் திரும்பி வராமல் ஆண்குறியின் மொட்டு வீங்கிக்கொண்டால் உடனே போக வேண்டும். ஆசை இல்லாமலே விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் வலித்தாலும் அப்படியே. குடலிறக்கம் உள்ளவருக்கு எப்போதும் உள்ளே போகிற வீக்கம் ஒருநாள் போகாமல் கல்லாகி, வாந்தியும் வந்தால் குடல் நெரிபடுகிறது என்று பொருள். சர்க்கரை நோயாளிக்கு விதைப்பைத் தோல் சிவந்து கருத்து, நாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. முட்ட முட்ட வந்தும் சிறுநீர் ஒரு சொட்டும் இறங்காவிட்டால் அதற்கும் காத்திருக்கக் கூடாது.

சிறுநீரகக் கல் வலியும் விலாவிலிருந்து இடுப்பு வழியாக விதைக்கு இறங்கும். "இது கல்லு வலிதான், போன வருஷமும் வந்தது" என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்டர் தொட்டுப் பார்த்துச் சொல்லட்டும்.

எங்கே போவது, எப்படிச் சொல்வது

அவசரமில்லாத தொந்தரவு என்றால் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். அங்கிருந்து எழுதிக் கொடுத்தால் அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனைகள், அதற்கு மேல் தர்மபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி 2008-லிருந்து நடக்கிறது. கிருஷ்ணகிரிக்கும் 2022-லிருந்து தனி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வீக்கம், குடலிறக்கம் என்றால் அறுவை சிகிச்சைப் பிரிவு. சிறுநீர், புரோஸ்டேட், குழந்தையின்மை என்றால் யூராலஜி. புண், சீழ், அரிப்பு என்றால் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு. அந்த டாக்டர் எந்தெந்த நாள் பார்ப்பார் என்பதை ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டு போடுகிறவரிடம் நோயை விவரிக்க வேண்டியதில்லை, "சர்ஜரி ஓ.பி." என்றால் போதும். காலை வேளையில் போங்கள். ஆபரேஷன் வரலாம் என்று தோன்றினால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையும் கையில் இருக்கட்டும்.

பேச வாய் வராது என்று தெரிந்தால் முதல் நாள் ராத்திரியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என்று ஆரம்பித்தது, எந்தப் பக்கம், வலியா வீக்கமா எரிச்சலா, படுத்தால் குறைகிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, சின்ன வயதில் ஆபரேஷன் ஏதாவது. ஊர்ப்பேச்சில் என்ன சொல்வீர்களோ அதையே எழுதுங்கள். டாக்டருக்கு அது புதுசில்லை. பெண் டாக்டர் உட்கார்ந்திருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். நான் பார்த்தவரை அவர்கள்தான் பொறுமையாகக் கேட்கிறார்கள்.

பால்வினை நோய் சந்தேகம் இருந்தால் லாரி ஓட்டுகிற தம்பிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், ரகசியம் காப்பார்கள். 1097-க்குப் போன் செய்தும் கேட்கலாம். சிறுநீரில் எரிச்சலும் சீழும் தானாகக் குறைந்தாலும் நோய் உள்ளேதான் இருக்கும். மனைவிக்கும் சேர்த்து மருந்து எடுத்தால்தான் தீரும், இல்லாவிட்டால் இருவருக்குள்ளும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சீட்டில் இருக்கும் சொற்களைப் பிரித்துப் படிப்பது

மருத்துவச் சொற்கள் பார்க்கத்தான் நீளம். வாலையும் தலையையும் தெரிந்துகொண்டால் பாதி புரிந்துவிடும். "ஐடிஸ்" என்று முடிந்தால் அழற்சி, அதாவது வீங்கிச் சிவந்து வலிப்பது. "எக்டமி" என்றால் வெட்டி எடுப்பது. "பெக்ஸி" என்றால் ஓரிடத்தில் தைத்து நிறுத்துவது. "சீல்" என்றால் பைபோல வீங்குவது. "ஆர்க்கி" என்று தொடங்கினால் விதை. ஆர்க்கிட் பூவுக்கு அந்தப் பெயர் வந்ததே அதன் கிழங்கு விதை வடிவில் இருப்பதால்தான். இப்போது ஆர்க்கைடிஸ் என்றால் விதை அழற்சி, ஆர்க்கிடோபெக்ஸி என்றால் விதையைத் தைத்து நிறுத்துவது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

விதை அழற்சிக்குப் பொன்னுக்கு வீங்கியும் ஒரு காரணம். பெரிய பையன்களுக்கு அது வந்தால் கன்னம் வீங்கிய சில நாளில் விதையும் வீங்கலாம். வேப்பிலை கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாமல் டாக்டரிடமும் காட்டுங்கள்.

ஹைட்ரோசீல் என்பது விதையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது. ஊரில் ஓதம் என்றும், அண்டம் இறங்கியிருக்கிறது என்றும் சொல்வது பல நேரம் இதுதான். இருட்டறையில் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவிச் சிவப்பாகத் தெரியும். யானைக்கால் நோய்ப் புழுவாலும் இது வரலாம். ஊசி போட்டு நீரை எடுத்தால் மறுபடி நிறையும், ஆபரேஷன்தான் நிலையான வழி. ஹெர்னியா அப்படியல்ல, குடல் இறங்கி வருவது. இருமினால் பெரிதாகும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போகும். புளி மூட்டையும் தக்காளிப் பெட்டியும் தூக்குகிறவர்கள் இடுப்பில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பத்து வருஷம் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நெரிபட்ட பிறகு செய்கிற ஆபரேஷன் ரொம்பப் பெரியது.

வெரிகோசீல் என்பது விதைக்கு மேலே ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டு, தொட்டால் புழு மொய்த்ததுபோல இருப்பது. நூறு ஆண்களில் சுமார் 15 பேருக்கு உண்டு, பெரும்பாலும் இடது பக்கம். இடது விதையின் ரத்தக்குழாய் நேராக மேலே போய்ச் சிறுநீரகத்தின் குழாயில் செங்குத்தாகச் சேர்வதால் அங்கே ரத்தம் தேங்குகிறது. பலருக்கு எந்தத் தொல்லையும் தராது. வலி இருந்தாலோ, குழந்தை இல்லாமல் விந்துப் பரிசோதனையும் குறைவாக வந்தாலோதான் ஆபரேஷன் பற்றி யோசிப்பார்கள்.

ஃபைமோசிஸ் என்றால் முன்தோல் பின்னுக்குப் போகாதது. சின்னக் குழந்தைக்கு அது இயல்பு, எண்ணெய் போட்டு இழுத்துத் தள்ளினால் கிழிந்து தழும்பாகி அதுவே நோயாகிவிடும். நடுவயதில் புதிதாக வந்தால் முதலில் சர்க்கரை பாருங்கள். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு மொட்டில் பூஞ்சை அரிப்பு வருவதும் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

விந்துப் பரிசோதனை

இது என் வேலை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

ஒரு வருஷம் தடையின்றிச் சேர்ந்திருந்தும் கரு தங்கவில்லை என்றால் இருவருமே பரிசோதிக்க வேண்டும். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே. ஏறக்குறையப் பாதித் தம்பதிகளிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? பெண்ணுக்கு ஸ்கேன், ரத்தம், டியூப் டெஸ்ட் எல்லாம் முடிந்து, கோயில் கோயிலாகப் போய் வந்து, மூன்று வருஷம் கழித்து எங்கள் லேபில் டப்பா வாங்க வருகிறார் கணவர். வலியில்லாத, செலவு குறைந்த பரிசோதனை இது. இதை முதலில் செய்துவிட்டால் அந்தப் பெண்ணின் மூன்று வருஷம் மிச்சம்.

இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்போகாமலும் விந்து வெளியேற்றாமல் இருந்துவிட்டு வாருங்கள். லேபில் கொடுக்கும் டப்பாவிலேயே சேகரிக்க வேண்டும். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் படக் கூடாது, கடையில் விற்கும் சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொண்டுவரவும் கூடாது, இவை உயிரணுவைச் செயலிழக்க வைக்கும். முதலில் வருகிற பகுதியில்தான் உயிரணு அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இன்னொரு நாள் கொடுத்துக்கொள்ளலாம். வீட்டில் எடுத்தால் சட்டைக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து தர்மபுரிக்குப் பஸ்ஸில் வந்தால் அந்த ஒரு மணி நேரம் தாண்டிவிடும். அதனால் லேபிலேயே தனி அறை இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேளுங்கள். மூன்று மாதத்துக்குள் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஓர் உயிரணு உருவாகி வெளியே வர இரண்டரை மூன்று மாதம் ஆகிறது, அன்றைய காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியும்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி? உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் எல்லை இது: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் உயிரணு, அசைவன நூற்றில் 42, முன்னோக்கி நீந்துவன 30, சரியான உருவம் உள்ளவை 4. அந்தக் கடைசி எண்ணைப் பார்த்துத்தான் ஆட்கள் நொறுங்கிப்போகிறார்கள். "நூத்துக்கு அஞ்சுதான் நல்லதுன்னு போட்டிருக்கீங்களே அண்ணா" என்று கண் கலங்கி நின்ற தம்பியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். ஐந்து என்றால் எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. எல்லைக்குக் கீழே இருந்தாலும் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை, வாய்ப்பு குறைவு என்பதுதான்.

"ஒலிகோ" என்றால் எண்ணிக்கை குறைவு, "அஸ்தீனோ" என்றால் நீந்தும் வேகம் குறைவு, "டெரட்டோ" என்றால் உருவக் கோளாறு. மூன்றும் சேர்ந்து ஒரே சொல்லாக நீண்டு நின்றாலும் பயப்படாமல் பிரித்துப் படியுங்கள். அசூஸ்பெர்மியா என்றால் ஓர் உயிரணுகூடக் காணவில்லை. அப்படி வந்தால், திரவத்தை இயந்திரத்தில் சுழற்றி அடியில் படிந்ததையும் பார்த்தார்களா என்று கேளுங்கள், சில வாரம் கழித்து இன்னொரு தடவையும் பாருங்கள். ஒரே ரிப்போர்ட்டை வைத்து வாழ்க்கையை முடிவு செய்யக் கூடாது. உண்மையிலேயே இல்லை என்றால் குழாய் அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று எஃப்.எஸ்.ஹெச். போன்ற ஹார்மோன்களையும், தேவைப்பட்டால் குரோமோசோமையும் பார்ப்பார்கள். அடைப்பு என்றால் விதையிலிருந்தே ஊசியில் உயிரணு எடுத்துக் கரு உண்டாக்கும் வழி இருக்கிறது.

ஜிம்முக்குப் போகிற தம்பிகளே, உடம்பு ஏற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் வெளியிலிருந்து வருகிறதே என்று மூளை கட்டளையை நிறுத்திவிடும், விதையும் உயிரணு உற்பத்தியை நிறுத்திவிடும். ஆண்மைக்கு என்று போட்ட ஊசியே குழந்தைக்குத் தடையாவது இப்படித்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண்ணின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ் குரோமோசோம் மட்டும். ஆணின் உயிரணுவில் எக்ஸோ ஒய்யோ இருக்கும், எது போய்ச் சேர்கிறதோ அதைப் பொறுத்துப் பெண் அல்லது ஆண். இதில் மனைவி செய்வதற்கு ஒன்றுமே இல்லை, கணவரும் தேர்ந்தெடுக்க முடியாது. பெண் சிசுக்கொலைக்குப் பெயர் வாங்கிய மாவட்டம் நம்முடையது. சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் நம் ஊருக்கும் வர வேண்டியிருந்தது. மூன்றாவதும் பெண் என்று எத்தனை பெண்களைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினோம். இந்த ஒரு பாடத்தை அப்போதே வீடு வீடாகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது.

நரம்புத் தளர்ச்சி என்ற பயம்

தூக்கத்தில் விந்து போவதும், சுய இன்பமும் நோயில்லை. நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து என்பது பொய். சோர்வு, முதுகு வலி, ஞாபக மறதி எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லி, லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒருநாள் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஆடு விற்ற பணத்தைக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனையிலேயே பட்டம் பெற்ற சித்த மருத்துவர் இருக்கிறார், அவரிடம் போங்கள்.

விறைப்புக் குறைவு உண்மையான தொந்தரவுதான். ஆனால் அது நரம்பு தளர்ந்ததால் மட்டும் வருவதில்லை. விறைப்பு என்பது ரத்தம் நிரம்புவது என்று சொன்னேனே, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, பீடி, ஹான்ஸ் எல்லாம் அந்த மெல்லிய குழாய்களைத்தான் முதலில் அடைக்கும். இதயத்தில் அடைப்பு வெளிப்படுவதற்குச் சில வருஷம் முன்பே இது எச்சரிக்கையாக வருவதுண்டு. அதனால் நாற்பது தாண்டியவர் இதற்காகப் போனால் டாக்டர் சர்க்கரையும் பிரஷரும் பார்ப்பார், பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள். வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் சூளகிரிப் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த ஊழியர்கள் வீட்டுக்கு வரும்போது கையை நீட்ட வெட்கப்படாதீர்கள். கடையில் சில்டெனாஃபில் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையோடு அது சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிர் போகலாம்.

வாசெக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை, பற்றியும் இதே பயம்தான். உயிரணு வருகிற குழாயை மட்டும் கட்டுகிறார்கள். ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போவதால் ஆண்மையோ பலமோ குறையாது, திரவமும் வழக்கம்போல வரும். கத்தியில்லாத முறையில் சில நிமிடத்தில் முடிந்து அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மறந்துவிடக் கூடாதது ஒன்று: குழாயில் ஏற்கெனவே இருக்கும் உயிரணு தீர மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு தடுப்பு வேண்டும். பரிசோதனையில் பூஜ்யம் என்று வந்தபின்தான் நிம்மதி.

ஐம்பது தாண்டியவர்களுக்கு

ராத்திரி மூன்று நான்கு தடவை எழுவது, நின்று காத்திருந்தால்தான் வருவது, விட்டு விட்டு வருவது, போன பிறகும் மிச்சம் இருப்பதுபோலத் தோன்றுவது. இவை வயதின் இயல்பு என்று பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். நம் வெயிலில் அது வேறு வம்பு. புரோஸ்டேட் பெருத்து நடுவில் போகும் குழாயை நெருக்குவதுதான் பெரும்பாலும் காரணம். சீட்டில் பி.பி.ஹெச். என்று இருக்கும். அது புற்று கிடையாது. டாம்சுலோசின் மாத்திரையிலேயே பலருக்கு நன்றாகிவிடும், ஆரம்பத்தில் படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் தலை சுற்றலாம். சளிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை சாப்பிட்டு அன்றிரவே சிறுநீர் அடைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு, ஆகவே சளி மருந்து வாங்கும்போது புரோஸ்டேட் வீக்கம் இருப்பதைச் சொல்லுங்கள்.

பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் 4-க்கு மேல் வந்தால் புற்று என்று முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள். கிருமித்தொற்று, சிறுநீர் இறங்க டியூப் போட்டிருப்பது, வெறும் வீக்கம் இவற்றாலும் கூடும். டாக்டர் கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரலால் பார்ப்பார். அரை நிமிடம்தான் ஆகும், மூச்சை மெதுவாக விட்டுத் தளர்ந்து படுத்தால் வலிக்காது. இதற்கு வெட்கப்பட்டுப் பாதியில் எழுந்து வந்த பெரியவர்கள் நிறைய. மகன்கள் கூடப் போய் வெளியே நின்றால் அவர்களுக்குத் தெம்பாக இருக்கும்.

ஆண் குழந்தையைக் குளிப்பாட்டும்போது

இது பாட்டிமார்களுக்கு. குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது விதைகள் அதன் வயிற்றுக்குள் இருந்து, பிறப்பதற்கு முன் பைக்குள் இறங்கும். மாதம் நிரம்பிப் பிறந்த நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இறங்காமல் நின்றுவிடும், குறைமாதக் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டும்போது பையை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் பட்டாணி போல ஒன்று இருக்க வேண்டும். காணவில்லை என்றால் முதல் சில மாதம் தானாக இறங்கக் காத்திருக்கலாம். ஆறு மாதம் ஆகியும் வராவிட்டால் இனி வராது, ஒன்றரை வயதுக்குள் இறக்கித் தைத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கும், புற்று வரும் வாய்ப்பும் கூடும். 14-ஆவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போதே நர்சம்மாவிடம் "ஒரு பக்கம் தட்டுப்படலம்மா" என்று சொல்லி, அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்பதாவது மாதத் தடுப்பூசிவரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.